ரோபோ நடுத்தடத்தில் நின்றால்: எது அணைந்தது, எது அணையவில்லை?

கல்லூரி விழாக்களில் நடக்கும் ரோபோ ரேஸுக்காக எங்கள் மாணவர்கள் கட்டிய நான்கு சக்கர வண்டி இது. மணல், ஜல்லி, ஏற்றம், குறுகிய பாலம் எல்லாம் தாண்டி ஓட வேண்டும். மேசைமேல் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டால் பேட்டரி தீரும்வரை ஓடும். தடத்தில் இறக்கினால் எங்கேயாவது நிற்கும். அந்த நிற்பைத் தேடிப் போன கதைதான் இந்தப் பதிவு. வண்டி கட்டும் முறையை இதில் அதிகம் சொல்லப்போவதில்லை.

உள்ளே இருப்பவை: 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 2200 எம்ஏஎச், 30சி. 12 வோல்ட் கியர் மோட்டார் நான்கு, 300 ஆர்பிஎம். இடது பக்கம் இரண்டுக்கு ஒரு பிடிஎஸ்7960 டிரைவர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாட்யூல்), வலது பக்கத்துக்கு இன்னொன்று. மூளை இஎஸ்பி32, புரோகிராம் ஓடும் சிறிய போர்டு. அதற்கு 5 வோல்ட் கொடுக்க, பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர். ஓட்டுவது பிஎஸ்4 கண்ட்ரோலரால், ப்ளூடூத் வழியாக. பாலத்தில் கோணாமல் நேராகப் போக வண்டி திரும்புவதை உணரும் எம்பியு6050 கைரோ சென்சார் ஒன்று. இந்த வகைப் போட்டிகளில் பல வண்டிகள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், ஆகவே இங்கே வந்த கோளாறுகள் மற்றவர்களுக்கும் வரக்கூடியவை.

"ப்ளூடூத் கட் ஆகுதுங்க சார்" என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்படித் தோன்றுவது இயல்பு. வண்டி நிற்கிறது, கண்ட்ரோலர் விளக்கு அணைகிறது, மூன்று நான்கு நொடி கழித்து மறுபடி இணைகிறது. சுற்றிலும் மற்ற அணிகளின் ப்ளூடூத், பார்வையாளர்களின் ஃபோன் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைகின்றன. கண்ட்ரோலரை மாற்றலாமா, ஆன்டெனா வைத்த போர்டு வாங்கலாமா என்று பேச்சு போனது.

எதையும் வாங்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: வண்டி நின்றபோது எது அணைந்தது, எது எரிந்துகொண்டே இருந்தது? ப்ளூடூத் மட்டும் அறுந்திருந்தால் இஎஸ்பி32 விழித்திருக்கும், இணைப்பு போனதை மட்டும் உணரும். போர்டே மயங்கி எழுந்திருந்தால் புரோகிராம் முதல் வரியிலிருந்து தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இதை அந்தச் சிப்பிடமே கேட்கலாம். கடைசியாக ஏன் ரீசெட் ஆனது என்ற காரணத்தை இஎஸ்பி32 வைத்திருக்கும். ஒரே வரியில் அதைப் படித்துவிடலாம். கோடிங் பார்க்கும் மாணவி, அந்தக் காரணத்தை போர்டில் உள்ள நீல விளக்கைச் சிமிட்டிக் காட்டும்படி எழுதினாள். சுவிட்ச் போட்டு வந்த சாதாரணத் தொடக்கம் என்றால் ஒரு சிமிட்டல், மின்னழுத்தம் சரிந்ததால் வந்த பிரவுன்அவுட் என்றால் மூன்று, புரோகிராம் நொறுங்கியிருந்தால் ஐந்து. லேப்டாப்பில் சீரியல் மானிட்டர் திறந்து பார்க்கலாமே என்று கேட்கலாம். கேபிளோடு வண்டியைத் தடத்தில் விரட்ட முடியாது. அதோடு, யுஎஸ்பி செருகியிருந்தால் போர்டுக்கு லேப்டாப்பிலிருந்தும் மின்சாரம் வந்து, தேடும் கோளாறே மறைந்துவிடும். "லேப்டாப் மாட்டினா மட்டும் நல்லா ஓடுது" என்று மாணவர்கள் சொன்னால் அதையே ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தடத்தில் இறக்கி, முழு வேகத்தில் முன்னே விட்டுச் சட்டென்று ரிவர்ஸ் அடிக்கச் சொன்னேன். நின்றது. மூன்று சிமிட்டல். ப்ளூடூத் பேச்சு அத்தோடு முடிந்தது. (மின்னழுத்தம் அறவே போய்த் திரும்பியிருந்தால் பிரவுன்அவுட்டுக்குப் பதில் சாதாரணத் தொடக்கம் என்றே காட்டும். ஓட்டத்தின் நடுவே ஒற்றைச் சிமிட்டல் வந்தாலும் பவர் பக்கம்தான் தேட வேண்டும்.)

ரிவர்ஸில் ஏன்? மோட்டாரின் இரண்டு முனைக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்த்தால் 1.6 வந்தது. சுற்றாமல் சிக்கிக்கொண்ட மோட்டார் 11 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும், நான்கும் சேர்ந்தால் 28. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும். சாதாரண ஓட்டத்தில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி வைப்பது அதுதான். துருவத்தைச் சட்டென்று மாற்றினால் அதே மின்னழுத்தம் பேட்டரியோடு கூட்டு சேர்ந்துவிடும். கணக்குப்படி ஒரு கணத்துக்கு சிக்கிய மோட்டாரைப் போல இரு மடங்கு வரை மின்னோட்டம் கேட்கும். மேசையில் சும்மா சுற்றும் சக்கரம் இதில் எதையும் காட்டாது. ஒரு மோட்டாருக்கு அரை ஆம்பியர் கூடப் போகாது.

சரி, மின்னழுத்தம் எங்கே தொலைகிறது? பேட்டரி வீக் என்று புதிது வாங்குவதுதான் வழக்கம். இந்தப் பேட்டரி நல்லதா கெட்டதா என்பதை அளந்தே சொல்லலாம். வண்டியின் மூக்கைச் சுவரில் முட்டவைத்து, முழு வேகம் கொடுத்து, ஒரு நொடிக்குள் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் மோட்டார் கருகும். வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் 20 ஆம்பியரைச் சுற்றிக் காட்டியது. அந்த ஒரு நொடியில் ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் மல்டிமீட்டரை வைத்து, அதன் குறுக்கே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்த்தோம். கண்டினியூட்டி பீப் இங்கே உதவாது. ஒரு நூலிழைக் கம்பி தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். 20 ஆம்பியர் ஓடும்போது 0.05 ஓம் தடைகூட ஒரு முழு வோல்ட்டைத் தின்றுவிடும்.

பேட்டரி முனையில் 11.0 வோல்ட். சும்மா இருக்கையில் 11.9 காட்டியது, இந்தச் சுமைக்கு இவ்வளவு இறங்குவது சரிதான். டிரைவர் முனையிலோ 8.1. நடுவே 2.9 வோல்ட் காணோம். அதில் 1.3 வோல்ட் மெயின் சுவிட்சின் குறுக்கே. ஸ்க்ரூ டெர்மினல் ஒன்றில் 0.9. மிச்சம் வயரிலும் கனெக்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

சுவிட்ச், எல்லோரும் போடும் கறுப்பு ராக்கர் சுவிட்ச். அதன் முதுகில் 6 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருந்தது. 1.3 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கினால் 26 வாட். ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன் எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு சூடு, கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சுவிட்சுக்குள். கழற்றிப் பார்த்தபோது உள் முனை கருநீலமாக மாறியிருந்தது.

ஸ்க்ரூ டெர்மினலில் இருந்த தவறு இன்னும் பரவலானது. பிரிபிரியாக இருக்கும் வயர் முனையில் ஈயம் பூசி, கெட்டியாக்கி, ஸ்க்ரூவில் முடுக்கியிருந்தார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், பலர் இதுதான் சரியான முறை என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஈயம் மென்மையான உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் அது நாள்பட நாள்படப் பிதுங்கி விலகும், சூடானால் இன்னும் சீக்கிரம். முடுக்கிய அன்று இறுக்கமாக இருந்தது கொஞ்ச நாளில் ஆடும். ஆடினால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். கையால் லேசாக இழுத்ததும் வயர் வெளியே வந்துவிட்டது. ஈயத்தின்மேல் ஸ்க்ரூ பதிந்த பள்ளம் தட்டையாக, பளபளப்பாக இருந்தது.

ரிவர்ஸ் அடிக்கும்போது வண்டியே குலுங்கும். குலுங்கும்போது இந்த முனையின் தடை இன்னும் ஏறும். மின்னழுத்தம் மாறுவதைப் படமாகக் காட்டும் கல்லூரி ஆய்வகத்து ஆஸிலோஸ்கோப்பில் ஒரு சேனலை டிரைவர் முனையிலும் இன்னொன்றை 5 வோல்ட் லைனிலும் போட்டு, 5 வோல்ட் லைன் 4.5-க்குக் கீழே சரிந்தால் படத்தை நிறுத்திவைக்கும்படி செட் செய்தோம். (ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. அந்த நேரத்தில் சார்ஜரோடு உள்ள லேப்டாப்பை வண்டியில் மாட்டாதீர்கள்.) அடுத்த ரிவர்ஸில் படம் நின்றது. டிரைவர் முனை 4 வோல்ட் வரை போயிருந்தது. 5 வோல்ட் லைன் பின்னாலேயே சரிந்திருந்தது. சரிவு மொத்தம் 30 மில்லி நொடிக்குள் முடிந்துவிட்டது. போர்டு எழுந்து கண்ட்ரோலரைத் தேடிப் பிடிக்க ஆன நேரம்தான் அந்த மூன்று நான்கு நொடி. அணிக்கே இதைப் பார்த்து ஆச்சரியம். நொடிக்கணக்கில் நின்றதால் பெரிய கோளாறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சரிசெய்தது இப்படி. ராக்கர் சுவிட்சைத் தூக்கிவிட்டு, அதிக மின்னோட்டம் தாங்கும் எக்ஸ்டி60 கனெக்டரில் ஒரு வளையம் செய்து அதையே சாவியாக வைத்தோம். செருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப். நடுவருக்கும் வெளியிலிருந்து தெரியும். மெயின் வயர்கள் 2.5 ஸ்கொயர் எம்எம். ஸ்க்ரூவுக்குள் போகும் எல்லா முனையிலும் ஈயத்தை வெட்டி எறிந்துவிட்டு பின் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குழல்) போட்டுக் கிரிம்ப் செய்தோம், அதாவது டூலால் நசுக்கி இறுக்கினோம். இஎஸ்பி32-க்கான பாதையை மோட்டார் பாதையிலிருந்து பிரித்து, பேட்டரி கனெக்டரிலிருந்தே தனியாக எடுத்தோம். அதில் ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் 1என்5822 ஷாட்கி டையோடு ஒன்று, அதற்குப் பின் சார்ஜைச் சேமித்துவைக்கும் 2200 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், பிறகு பக் கன்வெர்ட்டர். டையோடு இல்லாமல் கெப்பாசிட்டர் மட்டும் போட்டால், மின்னழுத்தம் சரியும் கணத்தில் அதிலுள்ள சார்ஜையும் மோட்டார்களே பிடுங்கிக்கொள்ளும். டையோடு இருந்தால் அந்தச் சார்ஜ் போர்டுக்கு மட்டும். போர்டும் கைரோவும் 2 வாட்டுக்குள் எடுப்பதால், பேட்டரி அறவே அறுந்தாலும் 11 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட்டுக்கு இறங்க ஏறக்குறைய 40 மில்லி நொடி கிடைக்கும். நமக்கு வேண்டியது 30.

புரோகிராமிலும் ஒரு மாற்றம்: முழு முன்னோட்டத்திலிருந்து முழு ரிவர்ஸுக்கு ஒரே தாவலில் போகாமல் படிப்படியாக. ஓட்டும் மாணவனுக்கு இது பிடிக்கவில்லை. "பிரேக் லேட்டா பிடிக்குது சார்" என்றான். அவன் சொன்னதும் நியாயம், குறுகிய வளைவில் அந்தத் தாமதம் அவனுக்குத்தான் தெரியும். 300 மில்லி நொடியில் தொடங்கி, அவனை ஓட்டவிட்டுக் குறைத்துக்கொண்டே வந்து 120-இல் நிறுத்தினோம். வயரிங் சரியாக இருந்தால் இவ்வளவு போதும். மோசமான வயரிங்கைப் புரோகிராமால் மறைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். ஆகவே இந்த மாற்றத்தைக் கடைசியாகத்தான் செய்யவிட்டேன்.

சுவர்ச் சோதனையைத் திரும்பச் செய்தபோது வழியில் தொலைவது 0.5 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. மின்னோட்டம் 26 ஆம்பியருக்கு ஏறியிருந்தது. ஏற்றத்தில் வண்டி முன்பைவிட வலுவாக இழுத்தது. கியர் மாற்ற வேண்டும் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த மெக்கானிக்கல் பிரிவு மாணவர்களுக்கு அது மகிழ்ச்சி.

இரண்டாவது கோளாறு அங்கிருந்துதான் கிளம்பியது. இப்போது போர்டு அணையவில்லை, கண்ட்ரோலர் இணைப்பிலேயே இருக்கிறது. ஏற்றத்தின் நடுவே வலது பக்கச் சக்கரங்கள் மட்டும் ஓய்ந்துவிடும். வண்டி வலப்பக்கம் சுழன்று இறங்கும். ஸ்டிக்கை விட்டுத் தள்ளினால் மறுபடி ஓடும்.

டிரைவர் சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகம். ஆனால் பிடிஎஸ்7960 சூட்டினால் அணைந்தால் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதன் எனேபிள் காலை (இயங்கலாமா என்று சொல்லும் பின்னை) ஒருமுறை கீழே இறக்கினால்தான் திரும்ப எழும். எங்கள் புரோகிராமில் எனேபிள் எப்போதும் மேலேயே இருக்கிறது. தானாக எழுந்ததால் காரணம் சூடு இல்லை. தொட்டுப் பார்த்தாலும் ஹீட்சிங்க் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இடது வலது டிரைவர்களை மாற்றி மாட்டினோம். கோளாறு டிரைவரோடு இடதுபக்கம் போகவில்லை, வலதிலேயே இருந்தது. ஆக, மாட்யூல் நல்லது, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் ஏதோ கோளாறு. சந்தேகப்பட்டதைத் தூக்கி எறிவதைவிட இப்படி இடம் மாற்றிப் பார்ப்பது எவ்வளவோ நல்லது, காசும் செலவில்லை.

வயரிங் பார்க்கும் மாணவிதான் கண்டுபிடித்தாள். இஎஸ்பி32-லிருந்து வலது டிரைவருக்குப் போகும் கறுப்பு ஜம்பர் வயரின் பிளாஸ்டிக் முனை லேசாக இளகி வளைந்திருந்தது. அது சிக்னலுக்கான கிரவுண்ட் வயர். சில மில்லி ஆம்பியர் மட்டுமே போக வேண்டிய இடம். அங்கே பிளாஸ்டிக் இளகுகிறது என்றால் மோட்டார் மின்னோட்டம் அந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். வலது டிரைவரின் பெரிய நெகட்டிவ் வயரை இழுத்துப் பார்த்தோம். அதன் லக் வயரைச் சரியாகப் பிடிக்காமல், ஓரப் பிரிகளை மட்டும் கவ்வியிருந்தது. பெரிய சாலை அடைபட்டதும் மின்சாரம் சிக்னல் கிரவுண்ட், இஎஸ்பி32 போர்டு, பக் கன்வெர்ட்டர் என்று குறுக்கே புகுந்து பேட்டரிக்குப் போயிருக்கிறது. முன்பு மொத்த மின்னோட்டமே குறைவாக இருந்ததால் இது வெளியே தெரியவில்லை.

சரி, அதனால் சக்கரம் ஏன் நிற்க வேண்டும்? சுமையில் இஎஸ்பி32 கிரவுண்டுக்கும் டிரைவர் கிரவுண்டுக்கும் நடுவே அளந்தால் 0.7 வோல்ட் வித்தியாசம். இஎஸ்பி32 ஆன் என்று சொல்வது 3.3 வோல்ட்டில். கிரவுண்ட் 0.7 மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது 2.6-ஆகத்தான் தெரியும். மாட்யூலின் நுழைவாயிலில் இருக்கும் சிப்பில் 74எச்சி244 என்று எழுதியிருந்தது. அதை 5 வோல்ட்டில் இயக்கினால், 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் ஆன் என்று ஏற்பது உறுதி. நடைமுறையில் பாதியளவான 2.5-ஐச் சுற்றி மாறிவிடும். எனவே 3.3 வோல்ட் அதற்கு எப்போதுமே விளிம்பில்தான். இந்த மாட்யூலை 5 வோல்ட் ஆர்டுயினோ போர்டோடு மாட்டியவர்களுக்குப் பிரச்சினை வராது. இஎஸ்பி32-க்கு மாறும்போது அதே வயரிங் படத்தை அப்படியே எடுத்தால் வரும்.

லக்கைப் புதிதாகப் போட்டோம். இரண்டு டிரைவரின் நெகட்டிவும் பக் கன்வெர்ட்டரின் நெகட்டிவும் பேட்டரி கனெக்டர் பக்கத்தில் ஒரே புள்ளியில் சேரும்படி மாற்றினோம். மாட்யூலின் லாஜிக் சப்ளையை 5 வோல்ட்டிலிருந்து எடுத்து 3.3-க்குக் கொண்டுவந்தோம். அந்த 244 சிப் 2 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், அதன் பின்னால் உள்ள பிடிஎஸ்7960-க்கும் 3.3 தாராளம். கிரவுண்ட் வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது. வலது பக்கம் அதன்பின் ஓயவில்லை.

மூன்றாவது கோளாறு பாலத்தில் வந்தது. நேராகப் போகும் பட்டனை அழுத்தியதும் எப்போதாவது ஒருமுறை வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். எல்லா விளக்கும் எரிகிறது, போர்டு விழித்திருக்கிறது, சக்கரங்களும் சொன்னபடி ஓடுகின்றன. சொல்லப்படுவதுதான் தவறு.

கைரோ போர்டோடு பேசும் ஐ2சி வயர்கள் (கிளாக் லைன், டேட்டா லைன்) மோட்டார் வயர்களோடு ஒரே கேபிள் டையில் கட்டப்பட்டு, வண்டியின் நீளம் முழுக்கப் போயின. பிரஷ் மோட்டாரின் உள்ளே ஓயாமல் பொறி பறக்கும், அந்த இரைச்சல் பக்கத்து வயரில் ஏறும். கிளாக் லைனில் ஒரு பொய்த் துடிப்பு ஏறினால் கைரோ கணக்குத் தப்பி, டேட்டா லைனைக் கீழே பிடித்தபடியே நின்றுவிடும். அடுத்து எதைக் கேட்டாலும் பதில் வராது. எங்கள் புரோகிராம், பதில் வந்ததா என்று பார்க்காமல் பழைய எண்ணையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக வந்த எண் 'இடப்பக்கம் திரும்புகிறோம்' என்றிருந்தால், வண்டி முடிவில்லாமல் வலப்பக்கம் திருத்திக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைக்கும் நடுவே இரைச்சலை அடக்க 104 (0.1 மைக்ரோஃபேரட்) செராமிக் கெப்பாசிட்டர், மோட்டார் முனையிலேயே ஒட்டி, ஈயம் வைத்தோம். கைரோவை போர்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வயரைக் குட்டையாக்கினோம். மோட்டார் வயர்களை ஜோடி ஜோடியாக முறுக்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோனோம். புரோகிராமில், கேட்ட பைட்டுகள் வந்தனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். வராவிட்டால் நேராகப் போகும் முறையை விட்டுவிட்டு ஸ்டிக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பும். பிறகு கிளாக் லைனை ஒன்பது முறை தட்டினால், பிடித்துக்கொண்டிருக்கும் கைரோ லைனை விட்டுவிடும், மறுபடி தொடங்கலாம். கண்ட்ரோலரிலிருந்து கால் நொடி செய்தி வராவிட்டால் மோட்டார்கள் நிற்க வேண்டும் என்பதையும் அப்போதே சேர்த்தோம். இந்த வண்டி நாலு கிலோவுக்குமேல் இருக்கும், தடத்தின் ஓரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். இது போட்டிக்கான வசதி என்பதைத் தாண்டிய விஷயம்.

போட்டிக்கு எடுத்துப் போகும் பெட்டியில் இப்போது கிளாம்ப் மீட்டர், கிரிம்பிங் டூல், பின் லக், கிரிம்ப் செய்து தயாராக வைத்த மெயின் வயர் ஒரு ஜோடி, லேபிள் ஒட்டிய உபரி டிரைவர் ஒன்று இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் பேட்டரியின் மூன்று செல்லையும் தனித்தனியே பார்த்து, எல்லா வயரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, சுவரில் முட்டி டிரைவர் முனையில் வோல்ட் பார்க்கிறார்கள். 10-க்குக் கீழே வந்தால் தடத்தில் இறக்குவதில்லை. ஜம்பர் வயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் பூட்டிக்கொள்ளும் கனெக்டரோடு ஒரு பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) வரைந்துகொண்டிருக்கிறார்கள். டிரைவரில் மின்னோட்டம் பார்க்கத் தரும் காலையும் அதில் இஎஸ்பி32-க்கு இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.